எந்தக் காலேஜுக்குக் கவுன்சலிங்?

“பாப்பா கவுன்சலிங் படிக்கணுங்குது டீச்சர். கவுன்சலிங்குக்குப் போவாங்க, சீட்டு எடுப்பாங்க, தெரியும். அதையே எப்படிப் படிக்கிறது?”

கேட்டவர் விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். கார்த்திகைக்கு அகல் விளக்கு, மற்ற மாதங்களில் பொம்மை, எப்போதாவது மின்சாரச் சாமான்களுக்கான பீங்கான் துண்டுகள். சூளை ஆறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். முக்குக் கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். பீங்கான் ஊர் என்றுதான் பேர். டீ மட்டும் எப்போதும் கண்ணாடி கிளாஸில்தான் வரும்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இன்ஜினீயரிங் சீட்டு. கட்-ஆஃப் மார்க், ரேங்க், விருப்பப் பட்டியல். 2018-லிருந்து அது ஆன்லைனுக்குப் போய்விட்டாலும் சொல் அப்படியே தங்கிவிட்டது. நான் டீச்சராக இருந்த காலத்தில் எங்களுக்கு இன்னொரு கவுன்சலிங் உண்டு: டிரான்ஸ்ஃபர் கவுன்சலிங். பக்கத்து ஊர் காலியிடம் நமக்கு முன்னால் இருப்பவருக்குப் போய்விடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூன்றாவது, ஸ்டேஷன் கவுன்சலிங். “ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சுக் கவுன்சலிங் குடுத்து அனுப்பிட்டோம்” என்பார்கள். அதற்கு அர்த்தம், ஒரு மணி நேரம் திட்டி, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதுதான்.

“பாப்பா சொல்றது நாலாவதுண்ணே,” என்றேன். “மனசு சரியில்லாதவங்க, வீட்ல பிரச்சினை உள்ளவங்க வந்து உக்காந்து பேசுற இடம். அங்க எதிர் நாற்காலியில உக்கார்றதுக்கான படிப்பு.”

“பேசறதைக் கேக்கறதுக்கு எம்.எஸ்.சி.யா?”

சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பது வயதுக்கு மேல் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது என் மாமியாரும் இதைத்தான் கேட்டார்.

நமக்குக் கேட்கிற ஆள் இல்லாமல் இல்லை. இந்த ஊர்க்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கடன் திரும்பவில்லை, புருஷன் வீட்டுக்கு வருவதில்லை, அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு, களவு போன நகை என்று எதுவானாலும் முருகனுக்கு மனுவாக எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் பிராது கட்டுதல். காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். கோர்ட்டுப் பாஷை கோயிலுக்குள் வந்து குடியேறிய இடம் அது.

அந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிராது கட்டுகிறவர் முதலில் தன் குறையை எழுத்தில் கோக்க வேண்டும். யார்மேல், என்ன, எப்போதிலிருந்து. பலருக்கு மனதில் கிடந்த குழப்பத்துக்கு அங்கேதான் முதல் தடவையாக ஒரு வடிவம் கிடைக்கிறது. கேட்கிற சாமி குறுக்கே பேசுவதில்லை, ஊரில் போய்ச் சொல்வதில்லை, உறவுக்காரரும் இல்லை.

“அப்ப கொளஞ்சியப்பர்தான் மொத கவுன்சலர்னு சொல்லு.”

“அவர்ட்ட மூணு குணம் இருக்குண்ணே. நம்ம பஞ்சாயத்துல அது இருக்கா பாருங்க.”

வீட்டுச் சண்டை முற்றினால் நாம் யாரைக் கூப்பிடுகிறோம்? தாய்மாமன், பெரியப்பா, சம்பந்தம் பேசிவைத்தவர், வார்டில் செல்வாக்கான ஒருவர். அத்தனை பேரும் கட்சி உள்ளவர்கள். சட்டமே இதைக் கவனித்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அதன் 14-ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் இரு தரப்பையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம். யார் அந்த ஆலோசகர் என்பதை 2006-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன: தகராறில் சம்பந்தப்பட்டவரோ இரு தரப்பில் எவருக்காவது உறவினரோ ஆகக் கூடாது, எல்லாத் தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் விதிவிலக்கு. அந்த வழக்கில் எதிர்மனுதாரருக்காக ஆஜரான வக்கீலும் ஆகக் கூடாது. இன்னொரு விதி இன்னும் கறாரானது. ‘நான் ஏன் அடித்தேன் தெரியுமா’ என்று நியாயம் சொல்ல ஆலோசனை அறையில் அனுமதி இல்லை. அதை உட்காருவதற்கு முன்பே எதிர்மனுதாரரிடம் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். “அடிச்சவன் காரணம் சொல்லக் கூடாதா?”

“கூடாது. ‘அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்’னு ஆரம்பிச்சா பேச்சு பூரா அவ நாக்கு நீளமா இல்லையாங்கறதுல போயிடும். நம்ம பஞ்சாயத்து எல்லாம் அங்கதானே போய் நிக்குது?”

அவர் பதில் சொல்லவில்லை. பட்டறை வாசலில் காய்கிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடுத்த சந்தேகம் வந்தது. “இது பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர் படிப்பா?”

இல்லை. இங்கே நான்கு பேரை நாம் ஒருவராகக் குழப்பிக்கொள்கிறோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநலத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் என்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். நோயை மதிப்பிடுவார், சோதனைகள் வைப்பார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மனநலச் சமூகப் பணியாளர் சமூகப்பணி படித்து வந்தவர். நோயாளியின் வீடு, வேலை, உதவித்தொகை, ஊர் என்று வெளியே இருக்கிற முடிச்சுகளை அவிழ்ப்பவர். நான்காவது ஆள்தான் கவுன்சலர். நோய் என்று பேர் வைக்க முடியாத, ஆனால் ராத்திரி தூங்கவிடாத விஷயங்களோடு வருகிறவர்கள் இவரிடம் வருவார்கள். நோய்க் குறி தெரிந்தால் மேலே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். தன் எல்லை எங்கே முடிகிறது என்பது இந்தப் படிப்பில் முக்கியமான பாடம்.

“சரி. இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. கல்யாணமே ஆகாத பொண்ணு. அது போய் அடுத்த குடும்பத்துக்கு என்ன புத்தி சொல்லும்?”

இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

“புத்தி சொல்லணும்னா அனுபவம் வேணும்ணே, ஒத்துக்கறேன். ஆனா பாப்பா புத்தி சொல்லப் போறதில்ல. சொல்லாம இருக்கக் கத்துக்கத்தான் போவுது. ரெண்டு வருஷத்துல பாதி நாள் அதுக்கே ஓடிடும்.”

நம்பாமல் பார்த்தார். விளக்கினேன்.

முதுகலையில் தாள்கள் உண்டு, அவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆலோசனைக் கோட்பாடுகள், குழந்தை முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல், மனநோய்களின் குறிகள், சோதனைகளை வைக்கும் முறை, புள்ளியியல், ஆய்வு, தொழில் அறம், சட்டம். நெட்டுரு போட்டுக்கூடப் பாஸ் பண்ணலாம். நெட்டுருவுக்கு மசியாதது செய்முறைதான்.

எங்களுக்கு ஒரு பயிற்சி இருந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி துன்பம் சொல்ல வந்தவளாக நடிப்பாள். நான் கவுன்சலர். இருபது நிமிஷம் பேசி, அதைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து வார்த்தை விடாமல் எழுத வேண்டும். தாளை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிப்போம். முதல் பத்தியில் அவள் சொன்னது, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அந்த நொடி எனக்குள் என்ன ஓடியது.

என் முதல் தாள் இன்னும் நினைவிருக்கிறது. தோழி சொன்னாள்: “அவரு அடிக்கல்லாம் மாட்டாரு மேடம். பேச மாட்டாரு. பதினோரு மாசமா பேச மாட்டாரு.”

நான் சொன்னேன்: “கவலைப்படாதீங்க. எல்லாம் சரியாயிடும்.”

எங்கள் மேற்பார்வை ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: ‘யாருடைய கவலை?’

எனக்குக் கோபமாக வந்தது. ஆறுதல்தானே சொன்னேன்? மூன்றாவது பத்தியைப் படித்தபோது பதில் அங்கேயே இருந்தது. நானே எழுதியிருந்தேன்: ‘பதினோரு மாசம் என்றதும் எனக்குப் பகீரென்றது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.’ ஆக, பகீரென்றது எனக்கு. அதை அடக்க நான் போட்ட மூடிதான் ‘எல்லாம் சரியாயிடும்’. அவள் வாயும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அடுத்த இரண்டு நிமிஷம் பதிவில் அவள் “ம்”, “சரி மேடம்” தவிர எதுவும் சொல்லவில்லை.

மறுவாரம் அதே காட்சியை மறுபடி செய்தோம். இந்தத் தடவை நான் “பதினோரு மாசம்…” என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். தோழி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, “மொதல் மாசம் நானும் வீம்பா இருந்தேன் மேடம்,” என்று ஆரம்பித்தாள். நடிப்புதான். ஆனாலும் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இதற்குப் பின்னால் பெரிய சிந்தனை ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். எதிரில் இருப்பவர் மாறுவதற்குக் கேட்பவரிடம் என்ன இருக்க வேண்டும் என்பது அதில் கேள்வி. அவர் சொன்னவற்றில் மூன்று இன்றுவரை எல்லா வகுப்பிலும் பாடம்: அவர் நிலையிலிருந்து பார்த்து உணர்வது, நிபந்தனை போடாமல் அவரை மதிப்பது, தான் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இல்லாமல் இருப்பது. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். குடித்துவிட்டு வந்து பிள்ளையை அடித்தேன் என்று சொல்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி என்பதற்குத்தான் பயிற்சி.

அண்ணன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு பீங்கான் கப்பைக் கொண்டுவந்தார். ஒன்றை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. மற்றதைத் தட்டினார். டொக்கென்றது.

“ரெண்டும் பாக்க ஒண்ணுதான். இதுல உள்ளாற விரிசல் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. பேக்கிங்குக்கு முன்னாடி எங்கம்மா ஒவ்வொண்ணா தட்டி வைப்பாங்க. எனக்குக் காது பழக மூணு வருஷம் ஆச்சு. இதத்தானே சொல்ற?”

“பாதி இதுதாண்ணே. ஆனா கப்பை நீங்க தட்டலாம். மனுஷங்களைத் தட்டிக் கேக்கறது ஸ்டேஷன் வேலை. இங்க அவங்களே சத்தம் குடுக்கற வரைக்கும் காத்திருக்கணும்.”

அறம் என்ற தாளையும் அவருக்குச் சொன்னேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது முதல் விதி. எங்கே சொல்லியே ஆக வேண்டும் என்பது இரண்டாவது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் செல்லாது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் போக்சோ சட்டம், 2012, யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. வந்தவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது விதி: தெரிந்தவருக்கு, சொந்தக்காரருக்குக் கவுன்சலராக உட்காரக் கூடாது. இந்த மூன்றாவது விதி பின்னால் எனக்கே வேலை வைத்தது.

“எங்க படிக்கலாம்? அதச் சொல்லு,” என்றார். தகப்பன் குரல் வந்துவிட்டது. பாதி வழி வந்துவிட்டோம் என்று புரிந்தது.

நம் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. சமூகப்பணிக்குப் பேர்போன அங்கே ஆலோசனை உளவியலிலும் முதுகலை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. குடும்பம், குழந்தை வளர்ச்சி என்ற பக்கம் போக வேண்டுமானால் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம். சில இடங்களில் இளங்கலையில் உளவியலோ சமூகப்பணியோ படித்திருக்க வேண்டும் என்பார்கள், சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும். விண்ணப்பம் வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

“தபால்ல படிச்சா என்ன? வீட்ல இருந்தாப்ல படிச்சிரும்.”

சின்ன ஊர்ப் பெண்கள் பலர் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த வழியாகத்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆலோசனையும் குடும்பச் சிகிச்சையும் என்ற பெயரிலேயே ஒரு எம்.எஸ்.சி. வைத்திருந்தது. ஆனால் இப்போது காற்று மாறிவிட்டது. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கு 2021-இல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்ப நல ஆலோசகர் எல்லாரையும் அது தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதையொட்டி, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட உளவியல் போன்ற படிப்புகளுக்கு 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேர்க்கை கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. எனவே, ‘வீட்டிலிருந்தே சைக்காலஜி பட்டம்’ என்று இனி யார் நோட்டீஸ் நீட்டினாலும் பணம் கட்டும் முன் யுஜிசி இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

எனக்கு இதில் வருத்தமும் உண்டு, நியாயமும் தெரிகிறது. பஸ்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கதவு அடைபட்டுவிட்டது. ஆனால் எதிரில் ஆள் இல்லாமல், திருத்துகிற ஆள் இல்லாமல் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதும் நிஜம். அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு, முதலில் 100 மணி நேரச் செய்முறை, பிறகு 600 மணி நேரக் களப்பயிற்சி என்று கேட்கிறது. இரண்டும் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

“பாப்பா எந்தக் காலேஜுக்குப் போனாலும் மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க,” என்றேன். “நேர்ல ஆளோட உக்காந்து எத்தனை மணி நேரம் பயிற்சி? அதை யார் கூட இருந்து பாத்துத் திருத்துவாங்க? எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்கூல், எந்த மையத்துக்கு அனுப்புவாங்க? மூணுக்கும் பதில் இழுத்தாங்கன்னா வேற காலேஜ் பாக்கலாம்.”

“வேலை?”

இதில் பூசி மெழுக முடியாது. அரசுப் பக்கம் இருக்கிற இடங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஆனால் இடங்கள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அங்கே ஒரு கவுன்சலர் பேசுவார். இந்தியாவில் அந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. ரத்தச் சோதனை முடிவை ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வி அதோடு சேர்ந்தே வந்தது. அதே 1986-இல்தான் தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சிநேகாவைத் தொடங்கினார்.

இன்று மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், போதை மீட்பு மையம், குடும்ப நீதிமன்றம் என்று கிளைகள் விரிந்துவிட்டன. 2022 அக்டோபரில் வந்த டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் எடுக்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். பிறகு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலை தொடர்பான ஒரு வழக்கில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொன்னது. நம் ஊர்ப் பள்ளி, காலேஜ், கோச்சிங் சென்டர்களை எண்ணிப் பாருங்கள் என்றேன். அண்ணன் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது.

மேஜைமேல் பாப்பா அச்சடித்து வைத்திருந்த ஒரு காலேஜ் விவரத்தாள் கிடந்தது. அதில் ஒரு வரியைக் காட்டினார். “இதென்ன குடும்ப அறிவியல்னு? குடும்பத்துல என்ன அறிவியல்?”

இந்தச் சொல்லுக்குப் பழைய பெயர் நமக்குத் தெரியும்: மனையியல். சமையல், தையல், வீட்டு நிர்வாகம் என்று பெண்களுக்கென்று ஒதுக்கிவைத்த பாடம். அமெரிக்காவில் 1909-இல் தொடங்கிய மனையியல் சங்கம் 1994-இல் தன் பெயரையே குடும்ப, நுகர்வோர் அறிவியல் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. சமையலறையை விட்டு வெளியே வந்து, அந்த வீட்டுக்குள் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி வளர்க்கிறார்கள், எப்படி உடைக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தது பாடம். இந்தப் பக்கம் மனநல மருத்துவமும் குடும்பத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் வீட்டாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் நோயாளியோடு வீட்டாரும் தங்குகிற முறையையே வைத்துக்கொண்டது. வெளிநாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்துப் பார்த்தார்கள். இங்கே சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். குடும்பம் பக்கத்தில் இருந்தால் நோயும் தெரியும், நோயைச் சுற்றி வீட்டில் ஓடுகிற நாடகமும் தெரியும்.

“அதை எப்படிப் படிப்பீங்க?”

“ஒரு பேனா குடுங்க.”

பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி வைத்தேன். குடும்பத்தோடு வேலை செய்கிறவர்கள் முதலில் வரைகிற படம் இது. ஜீனோகிராம் என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் சிந்தனையிலிருந்து வளர்ந்தது. 1985-இல் மோனிகா மெக்கோல்டிரிக்கும் ராண்டி கெர்சனும் எழுதிய புத்தகம் அதன் குறிகளைப் பரவலாக்கியது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்மேல் பெருக்கல் குறி. கல்யாணம் ஒரு கிடைக்கோடு. பிள்ளைகள் மூத்தவர் இடமிருந்து வரிசையாகக் கீழே. சண்டை ஓடுகிற இருவருக்கு நடுவே நெளிகோடு. பேச்சுவார்த்தையே அறுந்துபோன இருவருக்கு நடுவே துண்டுபட்ட கோடு. மூன்று தலைமுறை போட வேண்டும்.

நம் ஊரில் இதைப் போடும்போது வெளிநாட்டுப் புத்தகம் கொஞ்சம் திணறும். மாமன் மகளைக் கட்டியிருப்பார்கள். அக்கா மகளைக் கட்டியிருப்பார்கள். கோடுகள் கீழே போகாமல் வளைந்து மேலே வரும். அக்கா மகளைக் கட்டியவருக்கு மாமியாரே அக்கா. மனைவியோடு சண்டை வந்தால் அக்காவிடம் போய்ப் புலம்பவும் முடியாது, மாமியாரைத் திட்டவும் முடியாது. ஒரே வட்டத்துக்கு இரண்டு உறவுமுறை. இதை நம்ம ஊர்ப் பிள்ளை சட்டென்று புரிந்துகொள்ளும்.

“உங்க வீட்டையே போடுங்கண்ணே, பழகறதுக்கு,” என்று பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். தாத்தா சதுரம், பாட்டி வட்டம், இரண்டிலும் பெருக்கல். கீழே அப்பா, சித்தப்பா. அப்பாவுக்குக் கீழே தான், தங்கச்சி, தம்பி. சதுரம் எல்லாம் பொம்மை அச்சு மாதிரி நேர்த்தியாக வந்தது. பிறகு கோடுகளுக்கு வந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே பேனா நின்றது. “காணி பிரிச்சப்ப விட்டது. அப்பா சாவுக்குக்கூட சித்தப்பா வரல்ல,” என்று துண்டுகோடு போட்டார். அடுத்த வரிசை. தனக்கும் தம்பிக்கும் நடுவே பேனா மறுபடி நின்றது. பட்டறையைப் பிரித்து ஆறு வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மெதுவாக அங்கேயும் துண்டுகோடு போட்டார்.

மேலே ஒரு துண்டுகோடு. நேர்கீழே இன்னொன்று. அதற்குக் கீழே அவருடைய பிள்ளைகள்: பாப்பாவின் வட்டம், மகன்களின் இரண்டு சதுரங்கள், பக்கத்தில் பக்கத்தில். அந்த இரண்டு சதுரங்களுக்கு நடுவே இன்னும் எந்தக் கோடும் இல்லை. அண்ணன் அந்த வெற்றிடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

“இதுக்கு என்ன பண்ணலாம் டீச்சர்?”

என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தம்பிக்கு ஒரு போன் போடுங்கண்ணே, பொங்கல் வருது, ஒரு சாக்கு கிடைக்கும். எத்தனை எளிது. சிவப்பு மைச் சுழி கண்முன் வந்தது.

“உங்களுக்கு என்ன தோணுதுண்ணே?”

“பாரு, திருப்பி என்னையே கேக்குற! இதுக்கா ரெண்டு வருஷம்?”

“இதுக்குத்தாண்ணே ரெண்டு வருஷம்.”

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, “நீயே ஒருநாள் வந்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசேன்,” என்றார்.

“நான் முடியாதுண்ணே. உங்க தம்பி சம்சாரம் என் சிநேகிதி. நீங்க எனக்கு அண்ணன். நான் உக்காந்தா அது பஞ்சாயத்து. ரெண்டு பேரையும் தெரியாத ஆள் பேர் வேணும்னா சொல்றேன்.”

அவர் அந்த பில் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டொக்கென்ற கப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, கணீரென்றதை அலமாரிக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நின்று கேட்டார்:

“அப்ளிகேஷன் போட கடைசித் தேதி என்னைக்குன்னு சொன்ன?”

நான் சொல்லவில்லை, விவரத்தாளிலேயே இருந்தது. பாப்பா பச்சை மையால் அடிக்கோடு போட்டுவைத்திருந்தாள்.